12 வாரங்களும் 11 என்ற மதிப்பெண்ணும்: மாணவர்களுக்கான ஓர் உளவியல் படிப்பு

எங்கள் துறையின் முதலாண்டு மாணவர்கள் தம் பாடத்துக்கு வெளியே ஏதேனும் ஓர் இணையப் படிப்பை முடித்தாக வேண்டும். இம்முறை அவர்களில் 38 பேர் தேர்ந்தெடுத்தது, உளவியல் அறிமுகத்தையும் மனநல விழிப்புணர்வையும் ஒன்றாகச் சேர்த்துத் தமிழில் வழங்கும் 12 வாரப் படிப்பு. நான் புள்ளியியல் கற்பிப்பவள். உளவியலில் பட்டம் எதுவும் பெற்றவளல்லள். ஆயினும் அந்த அணிக்கு வழிகாட்டி ஆசிரியராக இருந்ததால், அவர்கள் எதைப் படிக்கிறார்கள் என்று தெரியாமல் அவர்களுடைய கேள்விகளுக்கு முகம்கொடுக்க முடியாது என்று எண்ணி, நானும் பதிவுசெய்துகொண்டு கடைசி வாரம்வரை படித்தேன். படிப்பை நடத்தும் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதும், இதே வார்ப்பில் வேறு படிப்புகளும் வந்துகொண்டிருக்கின்றன என்பதும் அதற்குக் காரணங்கள்.

படிப்பின் அமைப்பு எளிது. வாரத்துக்கு ஏறத்தாழ 40 நிமிடக் காணொளி, பத்துப் பக்க வாசிப்பு, சில பயிற்சிகள், இறுதியில் ஒரே ஒரு தேர்வு. முதல் ஆறு வாரங்கள் உளவியல் என்னும் அறிவியலுக்கு. அடுத்த ஆறு வாரங்கள் மனநலத்துக்கு. படிப்பதற்குக் கட்டணம் இல்லை, சான்றிதழ் வேண்டுமென்றால்தான் செலுத்த வேண்டும். இரண்டு பாதிகளையும் வெவ்வேறு ஆசிரியர் குழுக்கள் எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஏனெனில் முதற்பாதி கற்றுத்தரும் எச்சரிக்கையை இரண்டாம் பாதி பெரும்பாலும் மறந்துவிடுகிறது.

முதற்பாதியின் தொடக்கம் வழக்கமானது. 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக் நகரில் ஆய்வுக்கூடம் அமைத்ததில் தொடங்கி, நடத்தையியல், அறிதல் உளவியல் என்று வரிசையாகச் செல்கிறது. இங்கே குறை சொல்லவும் ஒன்றுமில்லை, வியக்கவும் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரத்தில், உளவியலாளர் யார், மனநல மருத்துவர் யார், ஆற்றுப்படுத்துநர் யார், மருந்து எழுதித்தரும் தகுதி யாருக்கு உண்டு என்பதைப் பதினைந்து நிமிடங்களில் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். கல்லூரியை முடித்தவர்களுக்கும் இந்த வேறுபாடு தெரிவதில்லை என்பதால், அந்தப் பதினைந்து நிமிடங்களை மட்டுமேனும் எல்லோரும் பார்க்கலாம்.

நான்காம் வாரம்தான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. ஸ்டான்லி மில்கிராம் 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கீழ்ப்படிதல் ஆய்வைப் பலரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: 40 பேரில் 26 பேர், அதாவது 65 விழுக்காட்டினர், ஆணையிட்டதற்காக முன்பின் தெரியாத ஒருவருக்கு 450 வோல்ட் மின்னதிர்ச்சி தருவதாக நம்பியே கடைசி விசையையும் அழுத்தினார்கள், ஆகவே மனிதன் இயல்பிலேயே அடங்கிப்போகிறவன். இந்தப் பாடம் அந்த இடத்தில் நிற்கவில்லை. அதிர்ச்சி பெறுவதாக நடிப்பவரை அதே அறைக்குக் கொண்டுவந்தபோது இறுதிவரை சென்றவர்கள் 40 விழுக்காடாகக் குறைந்ததையும், ஆணையிடுபவர் அறையை விட்டு வெளியேறித் தொலைபேசியில் பேசியபோது அந்த அளவு மேலும் பாதியாகச் சரிந்ததையும் அடுத்தடுத்துக் காட்டி, ‘மனிதர் எப்படிப்பட்டவர்’ என்ற கேள்வியை ‘எந்தச் சூழலில், எவ்வளவு தொலைவில், யார் முன்னிலையில்’ என்ற கேள்வியாக மாற்றுகிறது. ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்திருப்பது ஏன் என்பதை நான் ஒரு பருவம் முழுவதும் கரும்பலகையில் எழுதி விளக்குவதைவிட இந்தக் காணொளி நன்றாகவே விளக்கிவிட்டது என்பதைச் சற்றுப் பொறாமையோடு ஒப்புக்கொள்கிறேன்.

அதே வாரத்தின் அடுத்த காணொளி அந்த உயரத்திலிருந்து வழுக்கிவிடுகிறது. மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் வேடமேற்கவைத்த 1971ஆம் ஆண்டின் ஸ்டான்போர்டு சிறை ஆய்வு, இரண்டு வாரங்களுக்குத் திட்டமிடப்பட்டு ஆறே நாள்களில் நிறுத்தப்பட்ட கதையாக, பின்னணி இசையுடன் சொல்லப்படுகிறது. காவலர் வேடமேற்றவர்களைக் கடுமையாக நடந்துகொள்ளும்படி ஆய்வுக் குழுவினரே தூண்டியதைக் காட்டும் ஒலிப்பதிவு வெளிவந்திருப்பதும், அதன் பின்னர் அந்த ஆய்வின் முடிவுகளை அப்படியே ஏற்பவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டதும் காணொளியில் இல்லை. ஆறாம் வாரத்தின் வாசிப்புப் பகுதியிலோ, 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்துபார்த்து 2015இல் வெளியான பெருமுயற்சி பற்றி நல்லதொரு பக்கம் இருக்கிறது: முதலில் அவற்றில் 97 விழுக்காடு புள்ளியியல் முக்கியத்துவம் பெற்றிருந்தன (அதாவது, முடிவைத் தற்செயல் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாத நிலை), மீண்டும் செய்தபோது அது 36 விழுக்காடாகிவிட்டது. இந்தப் பக்கத்தை எழுதியவர் நான்காம் வாரக் காணொளியை ஒருமுறை பார்த்திருந்தால் போதும், சிறை ஆய்வு இப்படித் தப்பிப் பிழைத்திருக்காது.

ஐந்தாம் வாரம் நினைவாற்றல் பற்றியது. தன்னையே ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டு பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, மறதி எவ்வளவு விரைவாக வருகிறது என்பதை 1885இல் எபிங்ஹாஸ் வரைந்துகாட்டியதை அழகாகச் சொல்கிறார்கள். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வும் வருகிறது: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப்பார்த்தவர்களே முந்தினார்கள். மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி முழுப் படிப்பிலும் இல்லை எனலாம். ஆனால் இதைக் கற்றுத்தரும் படிப்பே 12 வாரங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு தேர்வைத்தான் வைத்திருக்கிறது. இடையிடையே நினைவிலிருந்து எழுதிப்பார்க்க ஒரு வாய்ப்பும் இல்லை. தேர்வுக்கு முந்தைய இரவில் என் மாணவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதை எபிங்ஹாஸைக் கேட்காமலே சொல்லிவிடலாம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேச்சில் ‘ஸ்ட்ரெஸ்’ என்பதையும் ‘டிப்ரெஷன்’ என்பதையும் வேறுபடுத்திச் சொல்லும் நம் மாணவர்கள், தமிழில் எழுதும்போது இரண்டையும் ‘மன அழுத்தம்’ என்றே எழுதுகிறார்கள். நாளிதழ்களும் அப்படித்தான் எழுதுகின்றன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டிய படிப்பு அதை இன்னும் கூட்டுகிறது: ஏழாம் வாரத்தில் தேர்வுக்கால நெருக்கடி ‘மன அழுத்தம்’, எட்டாம் வாரத்தில் சிகிச்சை தேவைப்படும் நோய்நிலையும் ‘மன அழுத்தம்’, அதே வாரத்தின் வாசிப்புப் பகுதியில் மட்டும் அது ‘மனச்சோர்வு’. ‘தேர்வுக்கு முன் ஓரளவு மன அழுத்தம் இருப்பது நல்லது’ என்ற ஏழாம் வார வரியை மனத்தில் வைத்துக்கொண்டு எட்டாம் வாரத்துக்கு வரும் மாணவர் எதை எப்படிப் புரிந்துகொள்வார்? நெருக்கடிக்கு மன அழுத்தம், நோய்நிலைக்கு மனச்சோர்வு என்று முதல் வாரத்திலேயே வகுத்துக்கொண்டு கடைசிவரை அதைக் கடைப்பிடித்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். சொல்லாட்சி நயத்துக்காக நான் இதைக் கேட்கவில்லை என்பது அடுத்து நடந்ததைப் படித்தால் விளங்கும்.

எட்டாம் வாரத்தின் பயிற்சி, மனச்சோர்வின் அறிகுறிகளை அளவிடும் ‘பிஎச்கியூ-9’ என்ற வினாப்பட்டியலைச் செயலியில் நிரப்புவது. குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் ஆகியோர் 2001இல் வெளியிட்டு, இன்று உலகெங்கும் புழங்கும் கருவி அது. கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வமின்மை, மனத்தளர்ச்சி, தூக்கம், களைப்பு, பசி, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், கவனம், உடலின் மந்தம் அல்லது பரபரப்பு, இறப்பு அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிய எண்ணம் என ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. ஆக மொத்தம் 27. 5, 10, 15, 20 ஆகியவை கடுமையின் படிகளைப் பிரிக்கும் எல்லைக்கோடுகள். நிரப்பியதும் செயலி மொத்தத்தைக் கூட்டி, வண்ணப் பின்னணியில் ஒரு வாக்கியத்தைத் தருகிறது.

மறுநாள் காலை ஒரு மாணவி என் அறை வாசலில் வந்து நின்றாள். “மேடம், எனக்கு டிப்ரெஷன் இருக்காமே?” என்றாள். உட்காரச் சொல்லிவிட்டுக் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். மதிப்பெண் 11. கீழே ஆரஞ்சு நிறத்தில், ‘உங்களுக்கு மிதமான மன அழுத்த நோய் உள்ளது’ என்ற வாக்கியம். அவளிடம் கேட்டுக்கொண்டு விடைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். தூக்கம் 3, களைப்பு 3, கவனம் 3, பசி 2. மற்ற ஐந்துக்கும் 0. அந்த இரண்டு வாரங்களும் பருவத்தேர்வு. விடிய விடியப் படித்திருக்கிறாள், கிடைத்த நேரத்தில் கிடைத்ததைச் சாப்பிட்டிருக்கிறாள்.

இங்கே நான் மருத்துவம் பேசவில்லை. படிப்பின் வாசிப்புப் பகுதி என்ன சொல்கிறதோ அதையே திருப்பிச் சொல்கிறேன். மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் முடிவுசெய்வதற்கு, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இரண்டு வாரக் காலத்துக்குத் தொடர்ந்து இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று மனத்தளர்ச்சியாகவோ ஆர்வமிழப்பாகவோ இருந்தே தீர வேண்டும். அந்த இரண்டு கேள்விகளுக்கும் அவள் 0 போட்டிருந்தாள். பத்தாவது பக்கத்தில் சரியாக எழுதப்பட்டிருக்கும் ஒன்றைச் செயலி அறியவில்லை; அதற்குத் தெரிந்ததெல்லாம் கூட்டல்தான்.

கூட்டலைத் தாண்டியும் ஒரு கணக்கு இருக்கிறது. 10 என்ற எல்லையை வைத்துக்கொண்டால், நோய் உள்ளவர்களில் 88 விழுக்காட்டினரையும் இல்லாதவர்களில் 88 விழுக்காட்டினரையும் இந்தக் கருவி சரியாக அடையாளம் காண்பதாக அந்த 2001 ஆய்வு காட்டியது. கேட்பதற்கு நம்பகமானதாகத்தான் இருக்கிறது. இப்போது 1,000 மாணவர்களில் 100 பேருக்கு உண்மையிலேயே நோய் இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த 100 பேரில் 88 பேர் எல்லையைத் தாண்டுவார்கள். மீதி 900 பேரில் 12 விழுக்காட்டினர், அதாவது 108 பேர், நோய் இல்லாமலே தாண்டுவார்கள். ஆக, ஆரஞ்சு நிற வாக்கியத்தைப் பார்க்கப்போகிறவர்கள் 196 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த வாக்கியம் பொய். கருவி பழுதில்லாதது, ‘மேற்கொண்டு ஒருவரைப் பார்த்துப் பேசுவது நல்லது’ என்று சொல்வதற்காகச் செய்யப்பட்ட ஒன்றை, ‘உள்ளது’ என்று தீர்ப்பெழுத வைத்ததுதான் பிழை. வடிகட்டிச் சொல்வதற்கும் கண்டறிந்து சொல்வதற்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை முதற்பாதியின் ஆசிரியர் ஒருவர் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் பிடித்திருப்பார்.

அன்று மாலை இன்னொன்றையும் சோதித்துப் பார்த்தேன். முதல் எட்டுக் கேள்விகளுக்கும் 0 என்று குறித்து, ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் ‘ஏறத்தாழ ஒவ்வொரு நாளும்’ என்ற விடையைத் தேர்ந்தெடுத்தேன். மொத்தம் 3. திரை பச்சை நிறமாகி, ‘உங்கள் மனநலம் நன்றாக உள்ளது’ என்று வாழ்த்தியது. ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எந்த விடை வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அந்த மனிதரிடம் உடனே பேச வேண்டும் என்பது இந்தக் கருவியைக் கையாளும் எவரும் அறிந்த அடிப்படை. இத்தனை ஆயிரம் பேர் படிக்கும் இடத்தில் இது ஒருவர் கண்ணிலும் படாமல் போனது எனக்குக் கோபத்தையே தந்தது. நிறுவனத்துக்கு அன்றிரவே எழுதினேன்.

ஒன்பதாம் வாரமும் பத்தாம் வாரமும் நோய்களின் வரிசை: பதற்றக் கோளாறுகள், எண்ணச் சுழற்சிக் கோளாறு (ஓசிடி), இருமுனைக் கோளாறு (பைபோலார்), மனச்சிதைவு, உணவு தொடர்பான கோளாறுகள். ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிடம், ஆறேழு அறிகுறிகள், சோகமான இசை. இந்த இரண்டு வாரங்களும் முடிந்தபோது என் வகுப்பின் பேச்சு வழக்கே மாறிவிட்டிருந்தது. மேசையை ஒழுங்காக வைத்திருப்பவனுக்கு ‘ஓசிடி’, காலையில் ஒன்று மாலையில் ஒன்று பேசுபவளுக்கு ‘பைபோலார்’. மருத்துவ மாணவர்கள் தாம் படிக்கும் நோய்கள் எல்லாம் தமக்கே இருப்பதாக அஞ்சுவது பழைய செய்தி. விழிப்புணர்வு முயற்சிகளே சிலரைச் சாதாரண வருத்தத்தையும் நோயாகப் படிக்கவைத்து, நோயுற்றதாகச் சொல்வோரின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றனவா என்பதைச் சோதிக்க வேண்டும் என்று லூசி ஃபவுக்ஸும் ஜாக் ஆண்ட்ரூஸும் 2023இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். அது இன்னும் கருதுகோள்தான்; அதைச் சாக்காக வைத்து விழிப்புணர்வே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அமெரிக்காவில் நடந்து 2005இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன. என் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் வயது அதுவே. அவர்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? ஆனால் அறிகுறிகளின் பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டு, ‘எவ்வளவு காலமாக, அன்றாட வாழ்வை எந்த அளவு முடக்குகிறது’ என்ற இரண்டு அளவுகோல்களைக் கொடுக்காமல் விடுவது, படியில்லாத தராசைக் கையில் தருவது போன்றது.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் இந்தப் படிப்பை நான் ஒதுக்கித் தள்ளாததற்குக் காரணம் பதினோராம் வாரம். ஆந்தனி ஜோர்ம் 1997இல் தம் குழுவினருடன் அறிமுகப்படுத்திய ‘மனநல எழுத்தறிவு’ (மனநலச் சிக்கல்களை அடையாளம் காணவும் சமாளிக்கவும் உதவும் அறிவு) என்ற கருத்திலும், 2000இல் பெட்டி கிச்சனரும் அவரும் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மனநல முதலுதவிப் பயிற்சியிலும் காலூன்றி நிற்கும் வாரம் அது. நோயின் பெயர் ஒன்றுகூட அதில் வரவில்லை. நண்பர் ஒருவர் தளர்ந்திருப்பதாகத் தோன்றினால் எப்படி அணுகுவது, எப்படிக் கேட்பது, எந்தக் கட்டத்தில் துறைசார்ந்த ஒருவரிடம் அழைத்துச் செல்வது என்பவை மட்டும்தான். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஒருவரிடம் நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் அவருக்குள் விதைக்கப்படுவதில்லை என்பதையும், கனிவோடும் மழுப்பாமலும் கேட்பதே பாதுகாப்பானது என்பதையும் தயக்கமில்லாமல் சொல்கிறது. வேறு விழிப்புணர்வுப் பாடங்கள் சுற்றிவளைக்கும் இடத்தில் இந்தப் பாடம் நேராக நடக்கிறது.

அதன் பயிற்சியை நான் வகுப்பறையிலேயே நடத்திப் பார்த்தேன். இருவர் இருவராக அமர வேண்டும். ஒருவர் மூன்று நிமிடம் தமக்கு உண்மையாகவே இருக்கும் ஒரு சிறு கவலையைச் சொல்ல வேண்டும். மற்றவர் அறிவுரை சொல்லக் கூடாது, தம் கதையைத் தொடங்கக் கூடாது, ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று முடித்துவைக்கக் கூடாது. விதியை மீறிய நொடியை மூன்றாமவர் ஒருவர் குறித்துக்கொள்வார். முதல் சுற்றில் ஒரு நிமிடத்தைத் தாண்டியவர்கள் நான்கே பேர். ஒரு மாணவன் பதினான்காவது நொடியிலேயே, “நீ ஏன் இதைப் போய் யோசிக்கிறே? விடுடா” என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டான். நானும் ஒரு சுற்றில் அமர்ந்தேன். ஐம்பதாவது நொடியில் அறிவுரை சொன்னேன். இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியின் பழக்கம் அவ்வளவு எளிதில் விடுமா? மூன்றாம் சுற்றில் அறை அமைதியாகியிருந்தது. ‘அப்புறம்?’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே மூன்று நிமிடத்தையும் கடக்கலாம் என்று ஒரு மாணவி கண்டுபிடித்திருந்தாள்.

கடைசி வாரம் தன்னைப் பேணுதல்: தூக்கம், உடற்பயிற்சி, மூச்சுப் பயிற்சி. தவறில்லை, புதிதுமில்லை. அதோடு இணைத்திருக்கும் ‘மனநிலை நாட்குறிப்பு’ வசதியில் மட்டும் கவனம் தேவை. நாள்தோறும் நாம் எழுதுவதை நிறுவனம் ‘சேவையை மேம்படுத்த’ வைத்துக்கொள்ளலாம் என்று விதிமுறைகளின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. எழுதியதை நீக்குவதற்கான வழியைத் தேடி நான் தோற்றேன். மாணவர்களைத் தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். சான்றிதழ் மறுநாளே வந்துவிடுகிறது.

உளவியலைப் பட்டப்படிப்பாக எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதல் ஆறு வாரங்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அந்தத் துறை ஆறுதல் சொல்லும் கலை மட்டுமன்று, கணக்கும் சோதனையும் ஐயமும் நிறைந்தது என்பதை அவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வார்கள். தமக்கே மனம் சரியில்லை என்று தோன்றி, விடை தேடி இங்கே வருபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் கல்லூரியின் ஆற்றுப்படுத்துநரையோ மருத்துவரையோ நேரில் பார்ப்பதே நல்லது. எட்டாம் வாரத்தின் செயலி அவர்களுக்கானது அன்று. வகுப்பாக எடுத்து நடத்தும் ஆசிரியர்கள் பதினோராம் வாரத்தை முதலில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த அணிக்கு நான் அப்படித்தான் செய்யவிருக்கிறேன். வினாப்பட்டியலைச் செயலியில் அல்லாமல் அச்சிட்ட தாளில் கொடுத்து, 196 பேர் கணக்கைக் கரும்பலகையில் போட்ட பிறகே நிரப்பச் சொல்வேன்.

என் கடிதத்துக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அன்று செயலியை மறுபடியும் திறந்து பார்த்தேன். ஆரஞ்சு நிற வாக்கியத்தில் ‘உள்ளது’ என்பது ‘இருக்கக்கூடும்’ என்று மாறியிருந்தது. ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் 3 போட்டபோது திரை முன்போலவே பச்சையாகத்தான் இருந்தது. இரண்டாவது கடிதத்தை அனுப்பியிருக்கிறேன்.